பெரிய மரத்தை நீங்களே வெட்டப் போகிறீர்களா? கோடாலியை எடுக்கும் முன் படியுங்கள்

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போன பிறகு, பேராவூரணி, பட்டுக்கோட்டை சுற்றுவட்டாரத்தில் அரிவாளோ கோடாலியோ இல்லாத கையைப் பார்ப்பதே அரிதாக இருந்தது. கரண்ட் இல்லை, ரோட்டில் நடக்க வழியில்லை, வாசலை மறித்து மரம் கிடக்கிறது, கூலிக்கு ஆள் கூப்பிட்டால் அவர் வீட்டு வாசலிலும் மரம் கிடக்கிறது. எல்லோரும் தங்கள் மரத்தைத் தாங்களே வெட்டினார்கள். என் பெரியப்பா 30 வருடம் தோப்பு பார்த்தவர், அரிவாள் அவருக்குக் கையின் ஒரு பாகம் மாதிரி. மாட்டுக்கொட்டகை ஓரம் சாய்ந்து கிடந்த மாமரத்தில் வளைந்து நின்ற ஒரு வாதை (கிளையை) வெட்ட ஆரம்பித்தார். பாதி வெட்டுவதற்குள் அந்த வாது சடாரென்று நிமிர்ந்து தாடையில் அடித்தது. தாடை எலும்பு முறிந்தது, மூன்று பற்கள் போயின, ரோடெல்லாம் மரமாகக் கிடந்ததால் தஞ்சாவூருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கவே அரை நாள் ஆனது.

அரிவாள் பிடித்ததில் அவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. அந்த வாது வில் மாதிரி வளைந்து விசையோடு நிற்கிறது என்பதைத்தான் கவனிக்கவில்லை. அதற்குப் பிறகு மரம் வெட்டுகிறவர்களோடு நிறையப் பேசியிருக்கிறேன், பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், சின்ன மரங்களை நானே வெட்டியும் இருக்கிறேன். வெட்டுவது சுலபம், எந்த மரத்தையும் ஒரு மணி நேரத்தில் சாய்த்துவிடலாம். அது எங்கே சாயும், சாயும்போது அதன் எடை என்ன செய்யும் என்று தெரிந்துகொள்வதுதான் கஷ்டம். இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்த எடையைப் பற்றியது.

முதலில் எடையைக் கணக்குப் போடுங்கள்

2 அடி விட்டம், 10 அடி நீளம் உள்ள ஒரு பச்சை மரத்துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் கன அளவு கிட்டத்தட்ட 0.9 கன மீட்டர். வேம்பு, புளி மாதிரி மரங்கள் பச்சையாக இருக்கும்போது ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் வரும், கனமான புளி அதையும் தாண்டும். ஆக அந்த ஒரு துண்டு மட்டுமே முக்கால் டன்னுக்குக் குறையாது. பழைய மாருதி 800 கார் 650 கிலோ. அதாவது உங்கள் வீட்டு வேப்பமரத்தின் அடிமரத்தில் 10 அடித் துண்டு ஒரு காரைவிடக் கனம், அதற்கு மேலே கிளைகளும் தழையுமாக இன்னும் இரண்டு மூன்று கார்கள் நிற்கின்றன. இதைக் கயிறு கட்டி நாலு பேர் இழுத்து திசை மாற்றிவிடலாம் என்று நினைப்பதுதான் நான் பார்த்த அத்தனை விபத்துகளிலும் முதல் தப்பு. கயிறால் மரத்துக்கு வழி காட்டலாம், ஏற்கனவே ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும் மரத்தை எதிர்ப்பக்கம் ஆள்பலத்தால் கொண்டுவர முடியாது.

சரி, அப்படியானால் எந்த மரத்தை நீங்களே வெட்டலாம்? என் அளவுகோலைச் சொல்கிறேன், கொஞ்சம் கறாராகத் தெரியலாம். அடியில் ஒரு அடிக்கு மேல் விட்டம் இல்லை, உயரம் 25 அடிக்குள், நேராக நிற்கிறது, உயிரோடு இருக்கிறது, அடிமரத்தில் பொந்து இல்லை, சுற்றி எந்தப் பக்கம் விழுந்தாலும் மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு தூரத்துக்கு வீடு, வயர், ரோடு, கிணறு, மாட்டுக்கொட்டகை எதுவும் இல்லை. இத்தனையும் பொருந்தினால் வெட்டுங்கள். இதில் ஒன்று தவறினாலும் ஆளைக் கூப்பிடுங்கள். டவுனில் வீட்டை ஒட்டி நிற்கும் மரம் எதுவும் இதில் தேறாது, அது தெரிந்துதான் சொல்கிறேன்.

உயரத்தை எப்படி அளப்பது? கையை நேராக நீட்டினால் கண்ணுக்கும் கைப்பிடிக்கும் உள்ள தூரம் எவ்வளவோ அதே நீளத்துக்கு ஒரு குச்சியை வெட்டிக்கொள்ளுங்கள். கையை நீட்டி அதை நெட்டுக்குத்தாகப் பிடித்துக்கொண்டு, குச்சியின் அடி மரத்தின் அடியிலும் குச்சியின் நுனி மரத்தின் உச்சியிலும் பொருந்துகிற வரைக்கும் பின்னால் நடந்து போங்கள். பொருந்துகிற இடத்திலிருந்து மரம் வரைக்கும் உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். செய்து பார்த்தால் அசந்துபோவீர்கள், நாம் எல்லோருமே கண்ணால் பார்த்து மரத்தின் உயரத்தைக் குறைவாகத்தான் சொல்கிறோம். 30 அடி என்று நினைத்த மரம் 45 அடி இருக்கும், அந்த 15 அடியில்தான் பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கும்.

சாய்மானத்துக்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். 20, 30 அடி தள்ளி நின்று நூலைக் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டு அடிமரத்தோடு ஒப்பிடுங்கள். பிறகு கால் வட்டம் நகர்ந்து வேறு பக்கத்திலிருந்தும் பாருங்கள், ஒரு பக்கம் நேராகத் தெரியும் மரம் இன்னொரு பக்கம் நன்றாகச் சாய்ந்திருக்கும். அடிமரம் நேராக இருந்தாலும் மேலே கிளையெல்லாம் ஒரே பக்கம் படர்ந்திருந்தால் எடை அந்தப் பக்கம்தான். வீட்டுச் சுவரை ஒட்டி வளர்ந்த மரம் வெயிலைத் தேடி சுவருக்கு எதிர்ப்பக்கம் படர்ந்திருக்கும், ஆனால் மொட்டைமாடிக்கு மேலே போன பிறகு மாடிப்பக்கமும் கனத்திருக்கும். இந்த மாதிரி மரத்தைக் கீழிருந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள், மாடியில் ஏறிப் பாருங்கள்.

அடிமரத்தைக் கோடாலியின் பின்பக்கத்தால் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். டொக் டொக் என்று கெட்டியாகக் கேட்டால் பரவாயில்லை, மத்தளம் மாதிரி கேட்டால் உள்ளே வெற்றுக் கூடு. தூரில் காளான் முளைத்திருந்தாலும், மரத்தூள் கொட்டிக் கிடந்தாலும் அப்படித்தான். உள்ளே கூடான மரம் வெட்டுகிறவர் சொன்னபடி விழாது, பாதி வெட்டில் தானாகவே ஏதோ ஒரு பக்கம் உட்காரும். பட்ட மரம் இன்னும் மோசம். அடியில் ஒவ்வொரு கோடாலி வீச்சுக்கும் உச்சியில் காய்ந்த கொம்பு ஆடும், எது எப்போது ஒடிந்து தலையில் விழும் என்று சொல்ல முடியாது. முருங்கை, ஒதியன் மாதிரி மரங்கள் பச்சையாக இருக்கும்போதே பொசுக்கென்று ஒடியக்கூடியவை, அவற்றில் ஏறி நிற்கவே கூடாது.

வயர் இருந்தால் அது உங்கள் வேலை இல்லை

மரம் எந்தத் திசையில் விழுந்தாலும் அதன் நுனியாவது வயரைத் தொட வாய்ப்பிருக்கிறது என்றால் கோடாலியைக் கீழே வையுங்கள். பச்சை மரத்தில் தண்ணீர் இருக்கிறது, அது கரண்டைக் கடத்தும். நைலான் கயிறும் நனைந்திருந்தால் கடத்தும். தெருக் கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் கறுப்பு உறை போட்டிருப்பதால் பலர் அதைக் கணக்கில் எடுப்பதில்லை, வெயிலில் 10, 15 வருடம் காய்ந்த உறை எத்தனை இடத்தில் வெடித்திருக்கிறது என்று கீழே நின்று பார்த்தால் தெரியாது. 11,000 வோல்ட் லைனில் கிளை படவே வேண்டாம், போதுமான அளவு நெருங்கினாலே போதும்.

மின்வாரியத்தின் உங்கள் பகுதி பிரிவு அலுவலகத்தில் போய்ச் சொன்னால் லைனை நிறுத்தி ஆள் அனுப்பிக் கிளையைக் கழிப்பார்கள், அல்லது நீங்கள் ஏற்பாடு செய்த ஆள் வெட்டும்போது லைனை நிறுத்தித் தருவார்கள். 94987 94987 என்ற மின்னகம் எண்ணிலும் சொல்லலாம். ஒரு விஷயம், “இப்போது கரண்ட் கட் ஆகித்தான் இருக்கிறது, அதற்குள் வெட்டிவிடலாம்” என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். கட் எப்போது முடியும் என்று மரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. கட் ஆகியிருக்கும் நேரத்திலும் பக்கத்துத் தெருவில் யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அந்தக் கரண்ட் பின்பக்கமாக லைனுக்கு வரும்.

வெட்டிய மரம் வயரில் விழுந்துவிட்டால் மரத்தைத் தொடாதீர்கள், தொட்டுக்கொண்டிருப்பவரை ஓடிப்போய் இழுக்காதீர்கள். தரையிலும் கரண்ட் பரவியிருக்கும், அதனால் தாவி ஓடாமல் இரண்டு காலும் ஒட்டியபடியே பாதத்தைத் தேய்த்துத் தேய்த்து நகர்ந்து விலக வேண்டும். எட்டு வைத்து ஓடினால் இரண்டு காலுக்கும் இடையே உள்ள தரையின் மின்னழுத்த வித்தியாசமே ஆளைத் தள்ளிவிடும்.

கதண்டு, தேனீ

பெரும்பாலான வழிகாட்டிகளில் இது இருக்காது, ஆனால் நம் ஊரில் இது சாதாரண விஷயம் இல்லை. தென்னை, பனை உச்சியிலும் பெரிய மரங்களின் பொந்திலும் கதண்டு (பெரிய விஷக் குளவி) கூடு கட்டியிருக்கும். கூட்டமாகக் கொட்டினால் ஆள் பிழைப்பதே கஷ்டம், டெல்டாவில் கதண்டு கொட்டி இறந்தவர்களைப் பற்றி எல்லோருக்குமே தெரிந்திருக்கும். அடிமரத்தில் முதல் வெட்டு விழுந்ததும் அதிர்வு மேலே போகும், கூடு கலையும், வெட்டுகிறவருக்கு ஓட வழியில்லாமல் கயிறும் கிளையுமாகச் சுற்றிக் கிடக்கும். முந்தின நாள் வெயில் நேரத்தில் கால் மணி நேரம் சும்மா நின்று உச்சியைப் பாருங்கள், பூச்சி போக்குவரத்து தெரிந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து அழிப்பார்கள். நீங்களே பந்தம் கட்டிக் கொளுத்தப் போகாதீர்கள். பொந்துக்குள் கை விடுவதற்கு முன்னால் பாம்பையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

கயிறு

கயிறு கட்டுவதில் மூன்று தப்புகளைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முதலாவது, கயிறு போதாத நீளம். 40 அடி மரத்தை 40 அடிக் கயிறு கட்டி இழுப்பவர், மரம் விழும் இடத்திலேயே நின்று தன் மேல் இழுத்துக்கொள்கிறார். கட்டிய உயரத்திலிருந்து மரத்தின் உயரத்தைப்போல இரண்டு மடங்காவது தள்ளிப் போகும் அளவுக்குக் கயிறு வேண்டும், அப்போதும் நேர் எதிரே நிற்காமல் ஒரு பக்கமாக விலகி நிற்க வேண்டும். அதற்கு எதிரே ஒரு கெட்டியான மரத்தின் தூரில் கப்பியைக் கட்டி, கயிற்றை அதன் வழியாகப் பக்கவாட்டில் திருப்பினால் நல்லது.

இரண்டாவது, கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது, இடுப்பில் கட்டிக்கொள்வது. மரம் வேறு பக்கம் திரும்பினால் அந்த முக்கால் டன்னும் உங்களைத் தூக்கிக்கொண்டு போகும், முடிச்சை அவிழ்க்க நேரம் இருக்காது. எப்போதும் விட்டால் விட்டுவிடும்படி பிடியுங்கள்.

மூன்றாவது, பைக்கிலும் காரிலும் டிராக்டரிலும் கட்டி இழுப்பது. கட்டிய கயிறு இழுவையில் அறுந்தால் சவுக்கு மாதிரி திரும்பி வரும், நைலான் கயிறு ரப்பர்போல நீண்டு அறுவதால் அதன் வீச்சு ரொம்பவே பலமானது. கிணற்றில் தண்ணீர் இறைக்க 5 வருடமாகக் கிடந்த கயிற்றை எடுத்து வந்து மரம் இழுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்குகிறது. வெயிலில் கிடந்த கயிறு பார்க்க நன்றாக இருக்கும், பலம் போயிருக்கும்.

வெட்டும் முறை

மேலே சொன்ன அளவுக்குள் வரும் சின்ன மரம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். கூட ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் மரத்தடியில் இருக்கக் கூடாது. குழந்தைகளை வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள், “தள்ளி நில்லு” என்று சொன்னால் போதாது, மரம் விழுவதைப் பார்க்க எல்லாக் குழந்தையும் ஓடிவரும். நாயையும் கட்டுங்கள்.

வெட்டுவதற்கு முன்பே ஓடும் வழியைத் தயார் செய்ய வேண்டும். மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடக் கூடாது, ஏனென்றால் விழும் மரத்தின் அடி பல சமயம் தூரிலிருந்து எகிறிப் பின்னால் வரும். பின்னால், ஆனால் சாய்வாக, இடப்பக்கம் ஒரு வழி, வலப்பக்கம் ஒரு வழி. அந்த வழியில் கிடக்கும் கல், முள், கொடி எல்லாவற்றையும் அகற்றி, ஒரு தடவை நடந்தும் பார்த்துவிடுங்கள். மரம் கரகரவென்று முனகத் தொடங்கியதும் செயின்சா என்கிற சங்கிலி ரம்ப மிஷினோ கோடாலியோ அப்படியே போட்டுவிட்டு 15, 20 அடி போய்விட வேண்டும். விழுவதை நின்று பார்ப்பதற்கு ஆசையாகத்தான் இருக்கும். அந்த சில நொடியில்தான் மேலேயிருந்து ஒடிந்த கொம்புகளும் விழும்.

விழ வேண்டிய பக்கத்தில் முதலில் ஒரு வாய் வெட்ட வேண்டும், தர்பூசணியில் கீற்று எடுத்த மாதிரி. அடியில் மட்டமாக ஒரு வெட்டு, மேலேயிருந்து 45 பாகைக்குக் குறையாத சாய்வில் ஒரு வெட்டு, இரண்டும் உள்ளே ஒரே கோட்டில் சந்திக்க வேண்டும். ஆழம் மரத்தின் விட்டத்தில் கால் பங்கு, ஒரு அடி மரத்துக்கு 3 அங்குலம். பிறகு பின்பக்கத்திலிருந்து மட்டமாக அறுக்க வேண்டும், முன்வாய் சந்திக்கும் கோட்டுக்கு ஒன்றிரண்டு அங்குலம் மேலே. இரண்டு வெட்டும் சேரக் கூடாது. நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஒரு அடி மரத்துக்கு ஒரு அங்குலத்துக்குச் சற்று கூடுதலாக, மரத்தை அறுக்காமல் விட வேண்டும். கதவுக்குக் கீல் எப்படியோ அப்படி அறுக்காமல் விட்ட இந்தப் பகுதிதான் மரத்தைப் பிடித்து மெதுவாக மடக்கி நீங்கள் நினைத்த பக்கம் படுக்க வைக்கிறது. அவசரத்தில் அதையும் அறுத்துவிட்டால் மரத்தைப் பிடிக்க எதுவும் இல்லை, அது தூரின் மேலேயே திரும்பி எந்தப் பக்கமும் போகலாம். ஒரு பக்கம் மெல்லிசாகவும் இன்னொரு பக்கம் தடிப்பாகவும் விட்டால் தடிப்பான பக்கம் இழுத்துக்கொண்டு போகும்.

பின்வெட்டு பாதிக்கு மேல் போனதும் மர ஆப்பு ஒன்றை அதில் அடித்து வையுங்கள், மரம் பின்னால் உட்கார்ந்து ரம்பத்தைக் கவ்வாமல் இருக்கும். கவ்விக்கொண்டால் பிடித்து இழுத்துப் போராடாதீர்கள், ஆப்பைத் தட்டி வாயைத் திறந்து எடுங்கள்.

முன்வாயே வெட்டாமல் ஒரே பக்கத்திலிருந்து அறுத்துக்கொண்டே போவதைக் கிராமத்தில் நிறையப் பார்க்கிறேன். நேரான நார் ஓடும் சவுக்கு, யூகலிப்டஸ் மாதிரி மரத்தில், அதிலும் முன்பக்கம் சாய்ந்து நிற்கும் மரத்தில் இப்படிச் செய்தால், பாதி அறுத்ததும் அடிமரம் நெடுக்காகப் பிளந்து பின்பாதி துப்பாக்கி வேகத்தில் பின்னால் உதைத்து மேலே எழும். வெட்டுகிறவரின் நெஞ்சும் முகமும் சரியாக அந்த உயரத்தில் இருக்கிறது. அதனால்தான் சாய்ந்த மரத்தை என் பட்டியலிலிருந்து எடுத்தேன்.

விழும் மரம் இன்னொரு மரத்தில் போய் மாட்டிக்கொண்டால்? இதில்தான் அனுபவசாலிகளே போகிறார்கள். மாட்டிய மரத்தின் கீழே நடக்காதீர்கள், தாங்கி நிற்கும் மரத்தை வெட்டாதீர்கள், மேலே ஏறி மாட்டிய கிளையை வெட்டாதீர்கள். சுற்றி யாரும் போகாமல் கயிறு கட்டிவிட்டு, தூரத்திலிருந்து அடியை இழுக்க ஜேசிபியோ டிராக்டர் வின்ச்சோ (கம்பிவடத்தைச் சுற்றி இழுக்கும் மிஷின்) வருகிற வரைக்கும் இரண்டு நாளானாலும் அப்படியே விடுங்கள்.

ஏணியும் மிஷினும்

ஆன்லைனில் செயின்சா விலை குறைந்த பிறகு வீட்டுக்கு வீடு ஒன்று இருக்கிறது, அதைப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. பிளேடு நுனியின் மேல்பாகம் கெட்டியான எதிலாவது பட்டால், அந்தக் கணமே மிஷின் முழுவதும் மேலாகப் பின்னால், உங்கள் முகத்தையும் கழுத்தையும் நோக்கி எகிறும். கண் சிமிட்டும் நேரம்கூட ஆகாது, கைபலத்தால் தடுக்க முடியாது. அதனால் நுனியால் வெட்டாதீர்கள், இரண்டு கையாலும் கட்டை விரல் சுற்றிவரும்படி பிடியுங்கள், இடது கை நேராக இருக்கட்டும், தோளுக்கு மேல் தூக்காதீர்கள், பிளேடு ஓடும் கோட்டில் தலையை வைக்காதீர்கள். முன்னால் இருக்கும் செயின் பிரேக் வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு நாளும் ஓடவிட்டுச் சோதியுங்கள். லுங்கி, துண்டு, செருப்பு வேண்டவே வேண்டாம். ஹெல்மெட், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு அடைப்பு, கனமான ஷூ, முடிந்தால் காலுக்கென்றே விற்கிற, செயினைச் சிக்கவைத்து நிறுத்தும் நார் வைத்த பேன்ட். செயின்சா காயம் பெரும்பாலும் காலிலும் இடது கையிலும்தான்.

ஏணியில் நின்று செயின்சா பிடிக்காதீர்கள். இதற்கு விதிவிலக்கே கிடையாது. கிளையில் சாத்திய ஏணி, கிளையின் கனம் குறைந்ததும் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள், நிமிர்ந்த கிளைக்குக் கீழே ஏணிக்குப் பிடிமானம் இருக்காது. வெட்டிய கிளையின் அடிப்பாகம் ஊஞ்சல் மாதிரி ஆடி வந்து ஏணியைத் தட்டிவிடுவதும் உண்டு.

தரையில் நின்று எட்டுகிற கிளை என்றால் மூன்று வெட்டாக வெட்டுங்கள். அடிமரத்திலிருந்து ஒரு அடி தள்ளி, கீழ்ப்பக்கம் கால் பங்கு ஆழம் முதல் வெட்டு. அதற்கும் இரண்டு அங்குலம் வெளியே தள்ளி மேலிருந்து இரண்டாவது வெட்டு, கிளை இதில் ஒடிந்து விழும். மிஞ்சிய முண்டை மூன்றாவதாக அறுத்து எடுக்கலாம். ஒரே வெட்டாக மேலிருந்து வெட்டினால் பாதியில் கிளை தன் கனத்தில் தொங்கி, பட்டையை அடிமரம் வரைக்கும் உரித்துக்கொண்டு உங்கள் மேலேயே வந்து விழும்.

தென்னை

தென்னைக்கு மேலே சொன்ன கீல் கணக்கு அப்படியே பொருந்தாது. வெளிப்பக்கம் இரும்பு மாதிரி, உள்ளே சோறு மாதிரி, மற்ற மரங்களில் நடுவில் வைரம் பாய்ந்திருக்கும், இதில் தலைகீழ். அதனால் நடுவில் விடும் கீல் பிடிப்பதில்லை, திடீரென்று விட்டுவிடும். எடை முழுவதும் 50, 60 அடி உயரத்தில் கொண்டையில் இருக்கிறது, அடியில் அதிர்ந்தால் தேங்காயும் காய்ந்த மட்டையும் தலையில் இறங்கும். எங்கள் பக்கம் முதலில் ஏறுகிறவரை ஏற்றி மட்டை, குலை எல்லாம் இறக்கி, பிறகு துண்டு துண்டாகத்தான் எடுப்பார்கள். ஆனால் காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் துளைத்த மரத்திலோ, தூரிலிருந்து செம்பழுப்பாக நீர் வடியும் மரத்திலோ ஆளை ஏற்றவே கூடாது. அந்த நீர் வடிதல் தஞ்சாவூர் வாடல் நோய், வேர் அழுகியிருக்கும், ஏறும் ஆளோடு மரம் பெயர்ந்து சாயும். அதற்கு கிரேன்தான்.

புயலில் சாய்ந்த மரம்

நின்ற மரத்தைவிட இது மோசமானது. வளைந்து கிடக்கும் ஒவ்வொரு வாதும் ஒரு வில். வளைவின் வெளிப்பக்கம் இழுபட்டு நிற்கிறது, உள்பக்கம் நசுங்கி நிற்கிறது. முதலில் உள்பக்கத்தில் சின்ன வெட்டு, பிறகு வெளிப்பக்கத்தில் கொஞ்சம் கொஞ்சமாக, எப்போதும் அது நிமிர்ந்து வரும் வழிக்கு வெளியே நின்றுகொண்டு. பெரியப்பா அது நிமிர்ந்து வரும் வழியிலேயே முகத்தைக் கொடுத்துக்கொண்டு வெளிப்பக்கத்தை ஒரே வீச்சில் கொத்தினார்.

இதைவிட ஆபத்து, வேரோடு சாய்ந்த மரம். அடிமரத்தைத் துண்டு போட்டதும், அதுவரை சாய்த்துப் பிடித்திருந்த எடை போய்விடும், ஆளுயரத்துக்கு மண்ணோடு நிற்கும் வேர்த்தூர் தடாலென்று பழைய குழிக்குள் உட்கார்ந்துவிடும். அந்தக் குழிக்குள் குழந்தைகள் விளையாடுவார்கள். குழியைப் பார்க்காமல் ஒரு வெட்டும் போடாதீர்கள், வெட்டும் நேரமெல்லாம் அங்கே ஒருவரைக் காவல் நிறுத்துங்கள்.

ஆள் வைப்பது, அனுமதி

மரம் வெட்டுகிறவரைப் பேசும்போது கூலி மட்டும் பேசாமல், எப்படி இறக்குவீர்கள் என்று கேளுங்கள். நல்லவராக இருந்தால் மரத்தைச் சுற்றி வந்து மேலே பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார், கிளை ஒவ்வொன்றையும் கயிறு கட்டி இறக்குவதைப் பற்றிப் பேசுவார். ஏறுகிறவருக்கு பெல்ட் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லையென்றால் நீங்களே வாங்கிக் கொடுங்கள், கூலியில் கழிக்காதீர்கள். சுவர் இடிந்தால் யார் கட்டுவது, விறகு யாருக்கு, தூரையும் தோண்டி எடுப்பாரா என்பதையும் முன்னாலேயே பேசிவிடுங்கள். குடித்துவிட்டு வந்தால் அன்றைக்கு வேலையே வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள், அரைநாள் கூலி கொடுத்தாவது. ஆடிக்காற்று நாளிலும் மழை விட்ட மறுநாளிலும் அவசரப்படுத்தாதீர்கள், ஈரப் பட்டை வழுக்கும்.

சந்தனம் மாதிரி மரங்கள் உங்கள் நிலத்திலேயே இருந்தாலும் அனுமதி இல்லாமல் தொடக் கூடாது. மலைப்பகுதிகளுக்கு 1955-லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பனையை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்தார்கள். ரோட்டோர மரம் உங்கள் வாசலை மறித்தாலும் அது அரசுடையது. சந்தேகம் இருந்தால் விஏஓவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வேலை தொடங்கும் முன்பு

கூட இருப்பவரின் போனில் சார்ஜ் இருக்கிறதா, அந்த இடத்தில் சிக்னல் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள். தோப்புக்கு வழி சொல்லத் தெரிய வேண்டும், 108-க்குப் போன் போட்டால் முதலில் கேட்பது அதைத்தான். வண்டி உள்ளே வர வழியை மறித்து மரத்தைத் தள்ளாதீர்கள். சுத்தமான பருத்தி வேட்டி இரண்டை மடித்துக் கையோடு வைத்திருங்கள். வெட்டுப்பட்டு ரத்தம் கொட்டினால் மஞ்சளும் காப்பித்தூளும் தேட வேண்டாம், வேட்டியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து முழு பலத்தோடு அழுத்தவும், நனைந்தால் அதை எடுக்காமல் அதன் மேலேயே இன்னொன்றை வைத்து அழுத்தவும், ஆம்புலன்ஸ் வரும் வரை கையை எடுக்கக் கூடாது. மரத்துக்கு அடியில் மாட்டியவரைக் காலைப் பிடித்து இழுக்காதீர்கள், முதுகெலும்பு அடிபட்டிருக்கலாம். முதலில் மரம் மேலும் உருளாமல் இரண்டு பக்கமும் கல் அல்லது கட்டை வைத்து முட்டுக் கொடுங்கள், 108-க்கும் தீயணைப்புக்கு 101-க்கும் சொல்லுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து அவரோடு பேசிக்கொண்டே இருங்கள்.